பிம்பப் பேழைக்கு இடம் தேடிய படலம்

வாழ்க திருகாணி! கதவுகளைக் கீல்களோடும், கட்டில்களைக் கால்களோடும், கண்ணாடிகளைக் காதுகளோடும் பிணைத்து இவ்வுலகம் கழன்று விழாமல் காக்கும் கங்ஷான் நகரத்துத் திருகாணிகளை முதற்கண் வணங்கி, அவற்றை நாளொன்றுக்கு இருபது லட்சமாய்ப் பெற்றுத் தள்ளும் கோ குடும்பத்து ஆலையை அடுத்து வணங்கி, அவ்வாலையின் கணினிகளுக்கெல்லாம் தனியொருவனாய்க் காவல் நின்ற ஜியென் வெய்-லுன் என்னும் மாவீரனின் புகழைச் சொல்லத் தொடங்குகிறேன். கேபிள்களை மாலையாய்ச் சூடிய மார்பன். அறுபத்திரண்டு கடவுச்சொற்களை நெஞ்சில் சுமந்தும் சொந்த வீட்டுச் சாவியை வாரம் ஒருமுறை மறக்கும் மதியன். “அணைச்சுட்டு மறுபடி போடுங்க” என்ற ஒற்றை மந்திரத்தால் ஒன்பது ஆண்டுகள் ஓர் ஆலையை அடக்கி ஆண்ட கொற்றவன். அவனுடைய படைக்கலம் ஒரு ஸ்க்ரூடிரைவர். திருகாணி ஆலை என்பதால் அதை எப்போதும் வேறு யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள்.

இனி அவன் காத்த பொருளின் பெருமையைக் கேளுங்கள். ஆலையின் கடைக்கோடியில், சோதனைக் கூடத்தின் மூலையில், இருபத்துமூன்று வயதான கணினி ஒன்று வீற்றிருந்தது. மனிதர்களுக்கு அது மாப்பிள்ளை தேடும் வயது, கணினிகளுக்கோ யுகாந்தரம். உருண்டோடி வரும் ஒவ்வொரு திருகாணியின் தலையையும் கண்ணுற்று, இது நல்லது இது நொண்டி என்று பிரித்துத் தள்ளும் அருள்நோக்கு உடையது. அறுநூற்று நாற்பது வகைத் திருகாணிகளின் அளவெல்லாம் அதன் வயிற்றுக்குள் மட்டுமே இருந்தன. அதை ஆட்டுவிக்கும் நிரலை எழுதிய நிறுவனம் என்றோ கலைந்துவிட்டது. அதன் உரிமையாளர் இப்போது டைடுங்கில் சீத்தாப்பழம் விளைவிப்பதாகக் கேள்வி. இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கவேண்டும் என்று இத்தீவில் எல்லோரும் வைக்கிற பச்சை நிறத் தேங்காய்ப் பொரிப் பொட்டலம் ஒன்று, காலாவதித் தேதி தவறாமல் மாற்றப்பட்டு, அதன் தலையில் மகுடமாய் விளங்கிற்று. ஒருமுறை ஒருவன் பசி தாங்காமல் அதைப் பிரித்துத் தின்றுவிட்டான். அவன் இப்போது வேறு ஆலையில் வேலை செய்கிறான்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை அக்கணினிக்கு ஒரு குறையும் இல்லை. அணைத்துவிட்டால்தான் அடம். சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒன்பது நாள் ஆலையின் தலைமை மின்விசையைக் கீழே தள்ளிவிடுவது முதலாளி கோ தியென்-சாயின் மாறா நெறி. புத்தாண்டின் இரண்டாம் நாளோ, மணமான பெண்கள் கணவர்களோடு தாய்வீடு போகும் நன்னாள். அன்று காலையில் முதலாளிக்குத் தவறாமல் வயிறு வலிக்கும். மனைவியைத் தனியே பிங்டுங்குக்கு அனுப்பிவிட்டு, மாமியார் வீட்டிலிருந்து தப்பிய மகிழ்ச்சியில் வயிற்றுவலி நீங்கி, ஆளில்லாத ஆலைக்கு வந்து, விசையை மேலே தள்ளி, இயந்திரங்களைத் தடவிக்கொடுத்து, அந்தக் கணினியையும் ஆசையாய் எழுப்பிப் பார்ப்பார். அது எழாது. உடனே கைப்பேசியை எடுப்பார்.

அந்தக் கைப்பேசி அழைப்பு நான்கு ஆண்டுகளாக, நான்கு இரண்டாம் நாட்களில், சியாயி நகரத்தில் மாமனாரின் விருந்து மேசையில் உட்கார்ந்து அப்போதுதான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கையிலெடுத்த வெய்-லுன்னின் சட்டைப்பையில் ஒலித்தது. நான்கு முறையும் அவன் எழுந்தான். சென்ற ஆண்டு மாமனார் ஒரு வார்த்தையும் சொல்லாமல், மீனின் நடுத்துண்டை ஒரு டப்பாவில் போட்டு, ரயில் நிலையம் வரை கூடவே நடந்து வந்து கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கங்ஷான் வரும்வரை அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெட்கத்தில் வெந்துபோனான் நம் வீரன். அவன் மனைவி பெய்-ஷான் இவ்வாண்டு முன்கூட்டியே பிரகடனம் செய்துவிட்டாள்.

“இந்தத் தடவையும் அந்த போன் அடிச்சுதுன்னா, எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. நாலு வருஷமா நான் சொல்லிச் சொல்லி எனக்கே அசிங்கமா இருக்கு. நீங்க கம்ப்யூட்டரையா கட்டிக்கிட்டீங்க?”

அச்சொல் அம்பாய்த் தைத்தது. வெய்-லுன் வெகுண்டெழுந்தான். மூன்று நாள் அந்தக் கணினியின் காலடியில் தவமிருந்து, அதன் நிரல், நினைவு, பிடிவாதம், அறுநூற்று நாற்பது அளவுகள் யாவற்றையும் ஓர் அணுவும் சிந்தாமல் ஒரே முழுப்பிம்பமாய் வடித்தெடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு வன்தட்டுப் பேழைக்குள் அடைத்தான். அதே குலத்தில் அதே ஆண்டில் பிறந்த பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து அருகே நிறுத்தினான். மூத்தது கண்ணை மூடினால், பேழையை இளையதில் செருகவேண்டியதுதான்; கூடுவிட்டுக் கூடு பாய்ந்து அரை மணியில் உயிர்த்தெழும். முதலாளியின் பொருட்டு ஒரு சாசனமும் பெரிய எழுத்தில் தீட்டினான்: ஒன்று, பேழையைச் செருகவும். இரண்டு, பச்சைப் பொத்தானை அழுத்தவும். மூன்று, டீ குடிக்கவும். இவற்றில் எதிலும் போன் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கேள்விதான் எஞ்சியது. பேழையை எங்கே வைப்பது? முதலாளியம்மா வாங்க அனுமதித்த பேழை ஒன்றே ஒன்று. வாடிக்கையாளர்களின் வரைபடங்கள் உள்ளே இருப்பதால் கம்பி வழியே வெளியூர்க் கிடங்குகளுக்கு அனுப்பக்கூடாது. பணியாளர் எவரும் வாசல் தாண்டி எடுத்துப்போகவும் கூடாது என்பது ஒப்பந்தம். கணினிக்குப் பக்கத்திலேயே வைப்பதோ பேதைமை. தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். யார் கைக்கும் அகப்படாமல், ஆனால் முதலாளி போன் பண்ணாமலே கண்டுபிடிக்கக்கூடிய இடமாக இருக்கவேண்டும். அப்படியோர் இடத்தைத் தேடி, ஆண்டின் கடைசி வேலைநாளன்று, நண்பகல் உணவு முடிந்த கையோடு, நெஞ்சோடு அணைத்த பேழையுடன் புறப்பட்டான் வெய்-லுன். மாலை நான்கு மணிக்கு மின்விசை கீழே விழும்.

அந்தோ! அன்று எந்த நாள்? ஆண்டிறுதிப் பெருந்துப்புரவு நாள். துடைப்பங்கள் தோமரங்களாய் உயர்ந்தன. வாளிகள் முரசுகளாய் அதிர்ந்தன. சோப்பு நுரை கடலாய்ப் பொங்கிற்று. பொதிகட்டும் பிரிவின் தலைவி ஆ-குய், முழங்கால் வரை ரப்பர் காலணியும், தலையில் பூப்போட்ட துணியும், கையில் குப்பைப் பையுமாய், கண்ணில் பட்டதையெல்லாம் எறிந்து முன்னேறினாள். முப்பத்தொரு ஆண்டு அவ்வாலையில் திருகாணிகளைப் பெட்டியிலிட்டவள் அவள். அவள் பார்வையில் உலகில் இரண்டே பொருள்கள்: திருகாணி, குப்பை. வெய்-லுன் தன் மேசை இழுப்பறையில் பேழையை வைத்துவிட்டுச் சாசனத்தை எடுத்துவர நான்கு அடி நடந்தான். திரும்பியபோது இழுப்பறை கவிழ்ந்து கிடந்தது. பேழை குப்பைப் பையின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா! அக்கா! அது குப்பை இல்ல!”

“பின்ன என்ன தம்பி? மேல பேரும் இல்ல, ஊரும் இல்ல. பழைய சார்ஜர்னு நெனச்சேன். உன் டிராயர்ல மட்டும் பதினாலு சார்ஜர் கெடந்துச்சு, ஒண்ணாவது எதுக்காவது சேருமா?”

சேராது என்பது வெய்-லுன்னுக்குத் தெரியும். பேழையைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். முதற்போரில் தோல்வி.

இரண்டாம் போர் முதலாளியின் அறையில் மூண்டது. அங்கே, இருநூறு கிலோ எடையும் மூவிலக்கப் பூட்டும் கொண்டு, தீயும் திருடரும் தீண்ட முடியாத இரும்புப் பெட்டகம் ஒன்று உண்டு. பேழைக்கு இதைவிட இடம் வாய்க்குமா? பெட்டகம் திறந்தது. உள்ளே, முத்திரைத் தாள்களை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, கீழ்த்தட்டு முதல் மேல்தட்டு வரை, வட்ட வட்டமாய்த் தட்டிக் காயவைத்த தேயிலை அடைகள் காகிதப் போர்வையில் அடுக்கடுக்காய் உறங்கிக்கொண்டிருந்தன. முதலாளி இரு கைகளையும் விரித்துக் கோட்டை வாயிலில் நிற்பவர்போல் நின்றார்.

“ஏம்ப்பா, ஒவ்வொண்ணும் முப்பது வருஷத்து டீ. பக்கத்துல கரண்டு சாமானை வெச்சா வாசனை ஏறிக்கும்.”

“இதுக்கு வாசனையே கிடையாது முதலாளி.”

“உனக்குத் தெரியாது. நீ அதோடவே இருக்கே. கம்ப்யூட்டருக்குன்னு ஒரு வாசனை இருக்கு.”

வெய்-லுன் பேழையை முகர்ந்து பார்த்தான். முதலாளியும் முகர்ந்தார். இருவரும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா உள்ளே வந்தார். ஆலையின் முத்திரை, சாவி, சம்பளம், சமையல் நான்கும் யார் கையில் இருந்தனவோ அவர். முதலாளி ஆலையை ஆண்டார் என்றால் முதலாளியை ஆண்டவர். கையில் அவருடைய பழுப்புநிறக் கைப்பை. சிங்-லியென் என்று அவருக்குப் பெயர் உண்டென்பது அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

“ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து என்னத்தை மோந்து பாக்குறீங்க? கீழ ஜன்னலைத் துடைக்க ஆள் இல்லை!”

வழக்கு அவர் முன் வைக்கப்பட்டது. அவர் வாய் திறக்குமுன், படியேறி வந்த ஆ-குய் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் திட்டத்தை முழங்கினாள்.

“நம்ம மண்சாமி மாடத்துல வையுங்களேன். அங்க நான்கூடக் கையை வைக்கமாட்டேன். போன வருஷம் என் மருமவனோட ஹெல்மெட்டையே கண்டுபிடிச்சுக் குடுத்தவரு அவரு. இவ்வளவு சின்ன டப்பாவையா பாத்துக்கமாட்டாரு?”

ஆலை வாசலை நோக்கி வெண்தாடியும் புன்னகையுமாய் அமர்ந்திருக்கும் மண்காக்கும் தெய்வத்தின் மாடம் அது. ஊதுபத்திச் சாம்பல் பேழைக்குள் நுழையும் என்றான் வெய்-லுன். பிளாஸ்டிக் பையில் போடு என்றார்கள். சிவப்பு விளக்கின் சூடு ஆகாது என்றான். விளக்கைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். பாதுகாப்பு விதிமுறை நூல்கள் எதிலும் தெய்வமாடம் என்ற சொல்லே இல்லையே என்று அவன் திகைத்து நின்றான்; ஆனால் கூடாது என்றும் எந்த நூலிலும் இல்லை. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய இடம் என்பதும் உண்மைதான்.

“எதுக்கு வாக்குவாதம்? அவரையே கேட்டுருவோம்,” என்றார் முதலாளியம்மா.

எல்லோரும் கீழே இறங்கி மாடத்தின் முன் கூட, பிறைக்கட்டைகள் வந்தன. சிவப்பு மரத்தில் செதுக்கிய இரண்டு பிறைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குமிழ். கேள்வி கேட்டுத் தரையில் வீசினால், ஒன்று தட்டையாகவும் ஒன்று குமிழாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குமிழென்றால் மறுப்பு. இரண்டும் தட்டையென்றால் தெய்வம் சிரிக்கிறது. துடைப்பங்கள் ஓய்ந்தன. நுரைக்கடல் அடங்கிற்று. நாற்பது பணியாளர் சூழ்ந்து நிற்க, வெய்-லுன் மண்டியிட்டு, தன் பெயர், பிறந்தநாள், முகவரி, பேழையின் கொள்ளளவு யாவும் முறைப்படி தெரிவித்து வேண்டினான். இழுப்பறையிலேயே வைக்கலாமா? கட்டைகள் விழுந்தன, மறுப்பு. ஆ-குய் தலையாட்டினாள். பெட்டகத்தில் தேயிலை அடைகளுக்கு நடுவே வைக்கலாமா? விழுந்தன, சிரிப்பு. முதலாளி புண்பட்டுப் போனார். ஐயனே, உன் மாடத்திலேயே வைக்கலாமா?

சம்மதம்!

உறுதிக்கு இன்னும் இருமுறை வேண்டும் என்பது மரபு. மீண்டும் வீசினான். சம்மதம்! மூன்றாவதாக வீசியபோது ஒரு கட்டை தட்டையாய் விழ, மற்றது உருண்டோடிச் சென்று ஒரு வாளியில் மோதி, நின்று, தள்ளாடி, நாற்பது மூச்சுகளும் ஒருசேர நின்றுபோன அந்தக் கணத்தில் குமிழாய்ச் சாய்ந்தது. சம்மதம்! ஆரவாரம் கூரைத் தகரத்தை அதிரச் செய்தது. பகைவென்று மீண்ட வேந்தன் தன் வாளை ஆயுதசாலையில் சேர்ப்பதைப்போலப் பேழையை இரு கைகளிலும் ஏந்தி வெய்-லுன் மாடத்தை நோக்கி நடந்தான். ஐந்தாம் ஆண்டு மீன் தன் தட்டில் முழுசாய்க் கிடப்பதை அவன் மனக்கண்ணால் கண்டான்.

“இருங்க,” என்றார் முதலாளியம்மா.

அவர் மாடத்தை உற்றுப் பார்த்தார். ஊதுபத்திக் குடத்தில் சாம்பல் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. பீடத்தில் தூசு இல்லை. சிலை ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. சாமி இருக்கும்போது அதையெல்லாம் யாரும் தொடமாட்டார்கள்.

“இருபத்துநாலாந்தேதியே எல்லா சாமியையும் மேலோகத்துக்கு அனுப்பிவெச்சாச்சே! புத்தாண்டு நாலாம் நாள்தானே திரும்பி வராங்க?”

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆண்டுக்கணக்கை ஒப்புவிக்கத் தெய்வங்கள் யாவும் மேலுலகம் போயிருக்கும் விடுமுறைக் காலம் அது. அந்த இடைவெளியில்தான் மாடங்களைத் துடைப்பார்கள். துடைத்தவளே ஆ-குய்தான், மறந்தவளும் அவளேதான்.

முதலாளி மட்டும் அசரவில்லை. “மத்த சாமிங்க போவாங்க. மண்சாமி போகமாட்டாரு. அவரு நம்ம கேட்டு வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேனும் லீவுல போயிட்டா ஊரை யாரு பாக்குறது?”

“போகாதவருக்கு எதுக்கு இனிப்பு வெச்சோம்? போய்ச் சேர காகிதக் குதிரைகூட எரிச்சமே முதலாளி!” என்றாள் ஆ-குய்.

“மரியாதைக்கு எரிச்சது.”

“குதிரையை வாங்கி வெச்சுக்கிட்டு யாராச்சும் போகாம இருப்பாங்களா?” என்றார் முதலாளியம்மா.

சபை இரண்டாய்ப் பிளந்தது. போகார் கட்சியும் போவார் கட்சியும் வாளியையும் துடைப்பத்தையும் இறுகப் பற்றியபடி எதிரெதிர் நின்றன. வார்ப்புப் பிரிவு முழுதும் போகார். பொதிகட்டும் பிரிவு முழுதும் போவார். அவரவர் பாட்டன், பூட்டன், பக்கத்துத் தெருக் கோயில் பூசாரி யாவரும் சாட்சிக்கு அழைக்கப்பட்டார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், தம் ஊரில் மண்சாமி முறைவைத்துப் போவார், இரட்டைப்படை வருஷத்தில் இருப்பார், ஒற்றைப்படை வருஷத்தில் போவார் என்று சொல்லி இரு கட்சியிடமும் வசவு வாங்கினார். மணி மூன்றரையைத் தாண்டிற்று. அப்போது முதலாளி ஓர் ஐயத்தை உரக்கச் சொன்னார்.

“சரி, போயிட்டாருன்னே வெச்சுக்குவோம். அப்ப மூணு தடவை சரின்னு சொன்னது யாரு?”

அதுவரை மாடத்தருகே நெருக்கியடித்து நின்ற நாற்பது பேரும் இரண்டடி பின்னே நகர்ந்தார்கள். முதலாளியும் நகர்ந்தார். மாடத்தில் பேழையை வைக்கும் பேச்சு அத்தோடு நின்றது. அதற்குப் பிறகு அன்று அந்தப் பக்கம் யாரும் ஜன்னல்கூடத் துடைக்கவில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம். மின்விசையின் கீழே மின்பணியாளர் கையை உயர்த்தி நின்றார். இடமற்ற பேழையைத் தாங்கி, பகைப்புலத்தின் நடுவே தேரிழந்தவன்போல் தனித்து நின்றான் வெய்-லுன். சியாயி ரயில் நிலையமும், மடியில் சூடாறிய டப்பாவும், பெய்-ஷானின் அப்பா திரும்பி நடந்துபோன முதுகும் அவன் கண்முன் வந்தன. அழக்கூட நேரமில்லாமல் நின்றான்.

“குடு இப்படி,” என்றார் முதலாளியம்மா.

கைப்பை திறந்தது. அந்தக் கைப்பையை அறிவீரோ! மருந்து, தைலம், முத்திரை, கத்தரிக்கோல், மடித்த மழைக்கோட்டு, நான்கு பேருக்கான ஈரத்துணிகள் யாவும் தத்தம் இடத்தில் இருக்க, முப்பத்தாறு ஆண்டு மணவாழ்வில் முதலாளியே ஒருமுறைகூடத் திறக்கத் துணியாத கோட்டை. வெள்ளத்தில் அவரோடு மாடியேறியது. நிலநடுக்கத்தில் அவரோடு தெருவுக்கு வந்தது. பணியாளர் எடுத்துப்போகக் கூடாது என்றுதானே ஒப்பந்தம்? அவர் பணியாளர் அல்லர். பேழை உள்ளே போயிற்று.

“யாருக்கு வேணுமோ எனக்கு போன் பண்ணட்டும்.”

முதலாளியின் முகம் சுண்டிற்று. “நீ ரெண்டாம் நாள் பிங்டுங்ல உங்க அம்மா வீட்ல இருப்பியே?”

“ஆமா. நீங்க வயித்துவலியில வீட்ல படுத்திருப்பீங்க. உங்களுக்கு எதுக்கு அந்த டப்பா?”

நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். முதலாளி வசமாய் மாட்டிக்கொண்டார். ஆலைக்கு வந்ததாக ஒப்புக்கொள்ளாமல் பேழையைக் கேட்க முடியாது. வயிற்றுவலி பொய் என்று ஒப்புக்கொள்ளாமல் ஆலைக்கு வந்ததைச் சொல்ல முடியாது. சொன்னாலோ அடுத்த ஆண்டு முதல் பிங்டுங் தப்பாது. ஆகவே அந்தக் கணினியை அவர் இனி தொடவே மாட்டார். சக்கரவியூகத்தின் வாயில் ஒரே அடியில் அடைபட்டதைக் கண்ட வெய்-லுன், மேலுலகில் இருந்தாரோ மாடத்தில் இருந்தாரோ அந்தத் தெய்வத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னான். விசை கீழே விழுந்தது. ஆலை இருண்டது.

வெற்றி! வெற்றி! இரண்டாம் நாளும் வந்தது. சியாயியில் மாமனாரின் வட்ட மேசையில், வேகவைத்த கோழியும் நீளமாய் வெட்டாமல் சமைத்த கடுகுக்கீரையும் ஆவி பறக்க அணிவகுத்து நிற்க, நடுநாயகமாய் முழுமீன் ஒன்று பள்ளிகொண்டிருக்க, வலப்புறம் சிவப்புச் சட்டையில் பெய்-ஷானும் எதிரே மாமனாரும் வீற்றிருக்க, சட்டைப்பையில் கைப்பேசி செத்ததுபோல் கிடக்க, நம் வீரன் அமர்ந்திருந்தான். பதினொன்றரை ஆயிற்று, ஒலிக்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று; ஒலிக்கவில்லை. “இந்த வருஷம் உன்னை முழுசாச் சாப்பிட விட்டுட்டாங்க போலிருக்கே மாப்பிள்ளை!” என்று வாய்விட்டுச் சிரித்த மாமனார், சென்ற ஆண்டு டப்பாவில் போன நடுத்துண்டை இம்முறைத் தம் கையாலேயே அவன் கிண்ணத்தில் வைத்தார். பெய்-ஷான் மேசைக்கடியில் அவன் முழங்காலைத் தட்டினாள். ஐந்தாண்டுப் போர் முடிந்தது, அமைதி பிறந்தது, மீன் மணத்தது.

அப்போதுதான் அவனுக்கு, முதலாளியம்மாவின் கைப்பை மூடும்போது “டப்” என்று ஒட்டிக்கொண்ட ஓசை நினைவுக்கு வந்தது. அதன் வாயில் இருந்தது காந்தம். கைப்பைக் காந்தம் வன்தட்டை ஒன்றும் செய்யாது என்று அவனுக்குத் தெரியும். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்பது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவன் அவன். பெரிய காந்தமாக இருந்தால்? பழைய வன்தட்டாக இருந்தால்? அவர் வீட்டில் அந்தப் பையை யாராவது டிவி மேல் வைத்திருந்தால்? குச்சிகளின் நுனியில் மீன் நின்றது. அறுநூற்று நாற்பது திருகாணிகள் ஒவ்வொன்றாய் அவன் கண்முன் தலைகாட்டி மறைந்தன. கைப்பேசி, ஆண்டாண்டு காலமாய் அவன் வேண்டிய அந்தப் பேரமைதியை, குறைவின்றி வழங்கிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டரைக்கு வெய்-லுன் எழுந்து கழிவறைக்குப் போய், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, முதலாளியம்மாவுக்கு போன் பண்ணினான்.